மூட்டுவலியோடு ஊட்டி, கொடை: முதலில் படிகளை எண்ணுங்கள்

மலையில் அறை பிடிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்வி. வாடகை எவ்வளவு, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா, வெந்நீர் வருமா. மூட்டுவலிக்காரர் ஒருவர் கூட வருகிறார் என்றால், இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: "கார் நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி?"

"கிரவுண்ட் ஃப்ளோர்தான் சார்" என்று பதில் வரும். அதை நம்பிவிட வேண்டாம். சரிவில் கட்டிய கட்டடத்தில் வரவேற்பறை சாலை மட்டத்தில் இருக்கும். கிரவுண்ட் ஃப்ளோர் அதற்கும் கீழே இருபது முப்பது படி இறங்கிக் கிடக்கும். சாப்பாட்டுக்கூடம் வேறொரு தட்டில். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தப் படிகளில் ஏறி இறங்கினால், ஊர் சுற்றிப் பார்க்க முட்டியில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஆகவே எண்ணிக்கையாகவே கேளுங்கள். கைப்பிடி உண்டா, எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். முடிந்தால் வாசலிலிருந்து அறைவரை நடந்து எடுத்த ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விடுதிக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

கழிப்பறை வெஸ்டர்ன்தானா, அதன் பக்கத்துச் சுவரில் பிடித்து எழக் கம்பி உண்டா, கட்டில் தரையோடு தாழ்ந்ததா, கீஸர் நாள் முழுக்க ஓடுமா அல்லது காலையில் இரண்டு மணி நேரம் மட்டும்தானா என்பவையும் முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டியவை. ஹீட்டருக்குத் தனியாகக் காசு வாங்குவது இரு மலையிலும் வழக்கம். அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எப்போது போவது

குளிரில் மூட்டைச் சுற்றிய தசையும் நாரும் இறுகும்; அசைவு குறையும், வலி கூடும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி படியும். அந்த மாதங்கள் முடக்குவாதக்காரர்களுக்கு (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களுக்கு) ஆகாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஊட்டியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கொடைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து பாதை அடைபடுவதும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் இதம், ஆனால் கூட்டம். மலைப்பாதை நெரிசலில் மூன்று மணி நேரம் காரில் மடங்கிக் கிடப்பது குளிரைவிடக் கொடியது. பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும்தான் மூட்டுக்கு ஏற்ற காலம். குளிரே ஒத்துக்கொள்ளாதவர் ஊட்டியை விட்டு குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கலாம். உயரம் குறையும்போது குளிரும் குறையும்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். வீட்டிலேயே எடுத்து, ஓட்டுநரின் போனிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள். சோதனைச்சாவடியில் நின்று பதிவு செய்யும் நேரம் முழுதும் மூட்டு மடங்கியே இருக்கும்.

மருந்துப் பை

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். "மலைக்குப் போகிறேன், வலி கூடினால் எதை, எத்தனை வேளை, எத்தனை நாள் சாப்பிடலாம்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயண நாட்களுக்கு மேல் இன்னும் நான்கு நாளுக்கு மருந்து கூடுதலாக இருக்கட்டும்; மழையில் பாதை அடைபட்டால் அது கைகொடுக்கும். மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும், டிக்கியில் போடும் பெட்டியில் அல்ல.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுப்பவர்கள் கிழமையைக் கவனியுங்கள். அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து. பயணத்தில் நாள் குழம்பி, தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை பலருக்குக் குமட்டும். கொண்டை ஊசி வளைவும் குமட்டும். இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். பயணத்தை அந்த நாளுக்கு இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு முன்னெச்சரிக்கையாக விழுங்கும் மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. மேலே போய்த் தள்ளாடி இறங்கும்போதுதான் கால் இடறும் என்பதை வயதானவர்கள் மறக்கக்கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வேளையும் விடக்கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது.

வலிமாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். விடிகாலையில் கிளம்பும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகே மாத்திரை.

ஃப்ரிட்ஜில் வைக்கும் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூல் பையில் ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்த ஊசியை மறுபடி உருகவைத்துப் பயன்படுத்தக் கூடாது. நடுவே ஒரு துண்டைச் சுற்றுங்கள். மேட்டுப்பாளையத்து வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டும் அதற்குப் பகைதான். மேலே போனதும் "ஊட்டியே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே" என்று ஜன்னலோரம் வைக்க வேண்டாம். விடுதி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பெண்களிடம் அதிகம்: வழியில் கழிப்பறை கிடைக்காதென்று காலையிலிருந்தே குடிக்காமல் வருவது. உடல் வற்றினால் கவுட் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலம் மூட்டில் படிந்து, கால் கட்டைவிரல் இரவோடிரவாக வீங்கும். வலிமாத்திரையோடு வறட்சியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. அடிவாரத்திலேயே வெஸ்டர்ன் கழிப்பறை உள்ள உணவகமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, மேலே ஏறும்போது அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு குடியுங்கள். இரு மலையிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ளது, வீட்டிலிருந்து எஃகுக் குப்பி கொண்டு வர வேண்டும். ஒரு லிட்டர் குப்பி நிரம்பினால் ஒன்றரைக் கிலோவை நெருங்கும், மணிக்கட்டு தாங்காது. அரை லிட்டர் குப்பியாக இரண்டு, திருகு மூடி இல்லாமல் அமுக்கித் திறக்கும் வகையாக வாங்குங்கள்.

ஏறும் வழி

காரில் முன் சீட்டுதான் மூட்டுவலிக்காரருக்கு. சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் சரித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிட ஒரு விரற்கடையாவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் இரண்டு மூன்று அங்குலக் கெட்டி ஃபோம் ஒன்றை அடியில் போடுங்கள். பஞ்சுத் தலையணை அமுங்கிவிடும், பயனில்லை.

ஏறும் விதம் முக்கியம். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்கும் காலைத் திருகி ஏறுவதுதான் பெரும்பாலோர் பழக்கம். முட்டியைக் கெடுப்பதும் அதுவே. முதுகை வண்டிப் பக்கம் திருப்பி, சீட்டின் விளிம்பு தொடையில் படும்வரை பின்னால் நகர்ந்து, முதலில் உட்காருங்கள். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். சீட்டில் ஒரு பாலித்தீன் உறையை விரித்தால் உடல் வழுக்கித் திரும்பும், சுலபம். வண்டி கிளம்புமுன் அதை உருவிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே ஆள் கதவோரம் போய்விடுவார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவு. வளைவு ஒவ்வொன்றிலும் உடல் வெளிப்பக்கம் வீசப்படும். அப்போது கைப்பிடியை விரலால் இறுக்கினால் விரல் மூட்டுகள்தான் அடிபடும். இடுப்புக்கும் கதவுக்கும் இடையே சுருட்டிய சால்வையைச் செருகி, முன்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பர்லியாறில் பழக்கடைகள் இருக்கும் இடத்தில் கட்டாயமாக இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். முக்கால் மணிக்கு மேல் ஒரே நிலையில் உட்கார்ந்தால் மூட்டு பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைத்தபடி இருங்கள். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, சரிவும் செங்குத்து. அதை இளம் முட்டிக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

பேருந்தானால், கடைசி வரிசையும் சக்கரத்தின் மேலுள்ள இருக்கையும் வேண்டாம். ஒன்று தூக்கிப்போடும், மற்றதில் முட்டி நெஞ்சுவரை மடங்கும். நடுவில், நடைவழியோர இருக்கை நல்லது. வலது முட்டி வலிக்கிறது என்றால் பேருந்தின் இடப்பக்க வரிசையில் உட்காருங்கள், வலது காலை நடைவழிப் பக்கம் நீட்டலாம். இடது முட்டியானால் வலப்பக்க வரிசை.

மலை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆசையோடு எடுத்துத் தரும் டிக்கெட் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரப் பாதை. 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று கேட்கவே இனிக்கும். ஆனால் எதிரெதிர் பெஞ்சில் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார வேண்டும், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, இஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். முடக்குவாதக்காரருக்கு விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக் கிடக்கும், அவரை 7.10 வண்டிக்குக் கிளப்ப நான்கு மணிக்கே எழுப்ப வேண்டியிருக்கும். அவருக்கு நல்ல வழி: குன்னூர்வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ஒன்றேகால் மணி நேர ரயில். வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று அழகான நிலையங்கள் இந்தத் துண்டில்தான் வருகின்றன. படி உயரமானது; ஏற ஒருவர் கை கொடுக்கட்டும்.

கொடைக்கு ரயிலில் வருபவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கி, சுமார் 80 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். சென்னையிலிருந்து இரவு வண்டிகள் விடிவதற்கு முன் வந்துவிடும், சில நிமிடமே நிற்கும். மூட்டு இறுகிய அந்த நேரத்தில் படுக்கையிலிருந்து பாய்ந்து இறங்க முடியாது. அரை மணி முன்பே எழுந்து, கைகால்களை அசைத்துவிட்டு, கதவுப் பக்கம் வந்து நில்லுங்கள். அல்லது திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இறங்கி அரை நாள் அறை எடுத்துப் படுத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் மலையேறுங்கள். படுக்கை முன்பதிவில் 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் மூத்தோர் ஒதுக்கீட்டில் கீழ்ப்படுக்கை கேட்கலாம்.

குளிரும் காலையும்

மேலே போய்ச் சேர்ந்த நாளில் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் விடுதி வாசலில் பத்து நிமிட நடை போதும்.

படுக்கையில் கனத்த ரஜாய் ஒன்றைப் போர்த்துவதைவிட மெல்லிய கம்பளி இரண்டு மேல். கனம் கால்விரல்களை அழுத்தும், கவுட் வந்த விரலுக்கு அது தாங்கவே தாங்காது. படுப்பதற்கு அரை மணி முன்பே ரப்பர் வெந்நீர்ப் பையைக் கால்மாட்டில் வைத்துப் படுக்கையைச் சூடாக்குங்கள். பையை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிய பிறகே மூட்டில் வைக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம் போதும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சுடாது என்று நினைக்க வேண்டாம், தோல் வெந்துபோக அதில் பாதிச் சூடே போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் பையைப் பாதத்தில் வைக்கவே கூடாது. மூட்டு சிவந்து சுட்டால் அதற்கு ஒத்தடமும் வேண்டாம்.

கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தித் தூங்கும் வேலை மட்டும் கூடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காலையில் எழுந்தவுடன் குளிர்ந்த தரையில் காலை வைக்காதீர்கள். கம்பளிக்குள்ளேயே பத்து நிமிடம்: பாதத்தை ஆட்டுவது இருபது தடவை, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்கி நீட்டுவது காலுக்குப் பத்து, முட்டியின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்திருப்பது பத்து. கை விரல்களுக்கு, வாளியில் இளஞ்சூட்டு வெந்நீர் பிடித்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, மூடித் திறங்கள். குளிக்க நாலு கால் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கேட்டு வாங்குங்கள். குந்தியும் குளிக்க வேண்டாம், வழுவழு டைல்ஸில் நின்றும் குளிக்க வேண்டாம். டாக்ஸிக்காரரிடம் "எட்டு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லும் பழக்கத்தை விட்டு பத்தரை என்று சொல்லுங்கள். பனியும் அதற்குள் விலகிவிடும்.

நீல்கிரித் தைலமும் வின்டர்கிரீன் தைலமும் ஊட்டியில் கடைக்குக் கடை கிடைக்கும். வின்டர்கிரீனில் இருப்பது மீத்தைல் சாலிசிலேட். வலிநிவாரணக் களிம்புகளில் போடுவதும் அதுவே. நேரடியாகப் பூசினால் தோல் எரியும். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் சில துளி போதும். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தாலும் இறுக்கிக் கட்டினாலும் புண்ணாகும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. பேரப்பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது, ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

இறக்கம்தான் எதிரி

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முட்டி வாங்கும். இறங்கும்போது மடங்கிய முட்டியின் மீது உடலின் பாரம் முழுவதும் விழுந்து, முட்டிச் சில்லின் பின்புறத்தை அழுத்துகிறது. "கீழேதானே, இறங்கிப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளம்பித்தான் பலர் நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 

ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் பிடியின் உயரம். அடியில் உள்ள ரப்பர்க் குமிழ் வழவழவென்று தேய்ந்திருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். பாசி படிந்த கல்லில் தேய்ந்த ரப்பர் சறுக்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் வலிக்கும் காலும் முதலில். சரிவான புல்வெளியில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, மாட்டுத்தடம்போல் வளைந்து இறங்குங்கள்.

செருப்பு வேண்டாம். லேஸ் கட்ட விரல் ஒத்துழைக்காதவர்கள் வெல்க்ரோ ஷூ வாங்குங்கள். முட்டிக்கான கம்பளி உறை நடக்கும்போது இதம், ஆனால் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். இறுக்கமானால் கால் வீங்கும். சக்கரப் பெட்டி மலைச் சரிவில் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். முதுகுப் பையாக இரண்டு சிறியது போதும்.

எங்கே போகலாம்? கொடையில் மூட்டுக்கு உகந்த இடம் ஏரிக்கரைச் சாலை. சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. அரை கிலோமீட்டர் நடந்து உட்காருங்கள், திரும்புங்கள். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, இரண்டு முனையிலும் வாசல். ஒரு முனையில் இறங்கி, காரை மறுமுனைக்கு அனுப்பிவிட்டால் திரும்பி நடக்கிற பாதி மிச்சம். சில்வர் காஸ்கேட் அருவி சாலையோரமே கொட்டுகிறது. வட்டக்கானல் பக்கத்து டால்பின் நோஸ் வேர்கள் பின்னிய செங்குத்து இறக்கம், அந்தப் பக்கமே போகாதீர்கள். குன்னூரின் டால்பின் நோஸ் வேறு. அங்கே வண்டி அருகிலேயே போகும். பெயரைக் கேட்டுக் குழம்பாதீர்கள்.

ஊட்டித் தாவரவியல் பூங்காவில் வாசலுக்கு அருகிலுள்ள புல்வெளிவரை போய் பெஞ்சில் உட்காரலாம், மேல்தட்டுகளை விட்டுவிடுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தில் இறங்கும் தோட்டம். மேல் வாசலுக்கு அருகிலேயே அரை மணி இருந்தால் போதும், அடிவரை போனால் அத்தனையையும் ஏற வேண்டும். ஊட்டி ஏரியில் மிதிபடகு வேண்டாம். மடக்கிய முட்டியால் அரை மணி மிதிப்பது வேண்டாத வேலை. மோட்டார் படகில் ஏறுங்கள், ஏறும்போது இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கட்டும்.

கொடை போகிற பலரும் பழனி முருகனைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். 693 படி மூட்டுவலிக்காரருக்கு இல்லை. யானைப்பாதை சரிவு குறைவுதான் என்றாலும் இறங்கும்போது முட்டி கேட்கும். தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. ரோப்கார் மாதாந்திர, ஆண்டுப் பராமரிப்புக்காக நிறுத்தப்படும், காற்று பலமாக அடித்தாலும் நின்றுவிடும், கிளம்புமுன் விசாரியுங்கள். கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திர நாட்களில் விஞ்சுக்கு நிற்கும் வரிசையே மணிக்கணக்கில் நீளும். நிற்க முடியாதவர்களை அன்று அழைத்துப் போகாதீர்கள். கிரிவலப் பாதைக்குள் தனியார் வண்டியை விடுவதில்லை. பேட்டரி கார் பிடித்துத்தான் போக வேண்டும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, கூடவே காய்ச்சலும் வந்தால் அது வழக்கமான வலி அல்ல. மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். நெடுநேரம் உட்கார்ந்து வந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டுக்கும் தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் நான்கிலும் அரசு மருத்துவமனை உண்டு, 108 வரும்.

இறங்கும் நாளுக்கும் திட்டம் வேண்டும். அறையைக் காலி செய்யும் நேரத்தை முதல் நாளே இரண்டு மணி நேரம் தள்ளிக் கேட்டு வையுங்கள்; மூட்டு இளகுமுன் அவசரமாகப் பெட்டி கட்டுவதில்தான் விரல் வீங்கும். மலை ரயில் ஆசை இன்னும் மிச்சமிருந்தால் ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும் வண்டி இருக்கிறது. மூட்டு நன்றாக இளகியிருக்கும் வேளை அது, மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். கிளம்புமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள், பெட்டிகளைக் காரில் முன்னால் அனுப்பிவிடுங்கள்.